அந்தமானில் அந்த மானைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை

9 நவம்பர் 2024 (ஒரு வாசகரின் கேள்வி)

குடும்பத்தோடு ஐந்து நாள்கள் அந்தமான் சென்று வந்தோம். ஏழு இடங்களுக்குப் படகில் அழைத்துப் போனார்கள். கடல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் "கடலும் காட்டுயிரும்" என்று அச்சிட்ட பயணத் திட்டத்துக்குப் பணம் கட்டிய எங்களுக்கு, ராஸ் தீவில் மகளின் கையிலிருந்த பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டு போன ஒரு புள்ளிமானைத் தவிர வேறோர் உயிரும் கண்ணில் படவில்லை. அந்தமானில் அந்த மான் மட்டும்தான் இருக்கிறதா? தை மாதம் என் தம்பி குடும்பம் அங்கே போக இருக்கிறது. போகச் சொல்வதா, அந்தப் பணத்தில் முதுமலைக்குப் போகச் சொல்வதா?

9 நவம்பர் 2024, இரவு

தம்பியைப் போகச் சொல்லுங்கள். உங்கள் பயணத் திட்டத்தை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

நான் அங்கே ஒரு பள்ளியில் பதினோர் ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தவன். போர்ட் பிளேருக்கு இந்தச் செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகளுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஷஹீத் தீவு, ஸ்வராஜ் தீவு என்ற பெயர்கள் 2018 டிசம்பரிலேயே வந்துவிட்டன. நீங்கள் பழைய பெயரில் கேட்டதால் நானும் பழைய பெயரிலேயே எழுதுகிறேன். ஜெட்டியில் பலகையைப் பார்க்கும்போது புதிய பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

நீங்கள் போன இடங்களில் குறை இல்லை. போன நேரம்தான் கெட்டது. அந்தத் தீவுகள் சென்னைக்கு வெகுதூரம் கிழக்கே கிடந்தாலும் கடிகாரம் நம்முடையதே ஓடுவதால், மார்கழியில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கே பளீரென்று விடிந்துவிடும். பயண ஏற்பாட்டாளர்களோ சென்னைக் கணக்கில் ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி முடித்து, பத்து மணிக்கு வண்டியேற்றி, பதினொன்றுக்கு மணலில் இறக்கிவிடுகிறார்கள். அந்த வேளையில் நண்டுகூட வளைக்குள் போய்விடும். நீங்கள் பார்த்தது அந்தத் தீவுகளின் மதியத் தூக்கத்தை.

முதுமலையோடு ஒப்பிடுவதும் சரியாக வராது. புலி, சிறுத்தை, கரடி எதுவும் அங்கே கிடையாது. தரையில் பாலூட்டி என்று தேடினால் அந்தமான் காட்டுப்பன்றியும் வௌவால்களும் மூஞ்சூறுகளும்தான் பெரும்பாலும் தேறும். பார்க்க வேண்டியதெல்லாம் தண்ணீருக்குள்ளும், தண்ணீர் வற்றிய தரையிலும், அலையாத்தி வேர்களுக்கிடையிலும் இருக்கிறது.

10 நவம்பர் 2024

நேற்று எழுதியதில் மானை விட்டுவிட்டேன். உங்கள் பட்டியலில் இருந்த அந்த ஒரே உயிரையும் அடித்துவிடுவதற்கு மன்னிக்க வேண்டும். அந்த மான் அந்தமானுடையது அன்று. ஆங்கிலேயர்கள் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்து விட்ட புள்ளிமான் அது. வேட்டையாடித் தின்ன எதுவும் இல்லாததால் பெருகி, தீவிலிருந்து தீவுக்கு நீந்திப் போய், காட்டில் முளைக்கிற கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்துக்கொண்டிருக்கிறது. காட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் அதை அங்கே ஒரு தொல்லையாகவே எண்ணுகிறார்கள். உங்கள் மகள் கொடுத்த பிஸ்கட்டும் அதற்கு நல்லதில்லை, ஆனால் அது பறித்துக்கொண்டது என்கிறீர்கள், சரி.

யானைக்கும் இதே கதை. மரம் இழுப்பதற்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவை அவை. 1960களில் ஒரு மர நிறுவனம் தொழிலைக் கைவிட்டபோது இன்டர்வியூ தீவில் விட்டுப்போன யானைகளின் வழித்தோன்றல்கள் காட்டு யானைகளாகவே ஆகிவிட்டன. ஹேவ்லாக்கில் கடலில் நீந்திய ராஜன் என்ற யானையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது 2016இல் இறந்துவிட்டது. இன்றும் அதைக் காட்டுவதாகச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

16 நவம்பர் 2024

நேற்றுப் பௌர்ணமி. திருநெல்வேலியில் மொட்டை மாடியில் நின்று நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீல் தீவு நினைவுக்கு வந்தது. உங்கள் கேள்விக்கு உண்மையான விடை அங்கேதான் இருக்கிறது என்று தோன்றியது.

நீல் தீவின் லக்ஷ்மண்பூர் கடற்கரையில் இரண்டாம் எண் பகுதியில் இயற்கையாக அமைந்த ஒரு கல் வளைவு இருக்கிறது. அங்கே குடியேறிய வங்காளிகள் அதை ஹௌரா பாலம் என்பார்கள். நான் முதல்முறை போனபோது முற்பகல் பதினொரு மணி. கடல் ஏறி நின்றது. வளைவின் காலடியில் அலை மோதிக்கொண்டிருந்தது, பாறை விளிம்பில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு திரும்பினேன். இதற்கா இவ்வளவு தூரம் என்று உங்களைப் போலவே நானும் புலம்பினேன்.

இரண்டாவது முறை ஓர் அமாவாசைக்கு மறுநாள் பிற்பகலில், நீர் வற்றிய வேளையில் போனேன். அதே இடம் என்று நம்பவே முடியவில்லை. முன்பு கடல் நின்ற இடத்தில் கால் பங்குக் கிலோமீட்டருக்குப் பவளக்கல் தரை வெளிப்பட்டுக் கிடந்தது. அதில் அண்டா அளவிலும் அகப்பை அளவிலும் நூற்றுக்கணக்கான குழிகள், ஒவ்வொன்றிலும் கடல் விட்டுப்போன ஒரு வாய்த் தண்ணீர். ஒரு குழியில் கருத்த கடல் அட்டை ஒன்று மணலைத் தின்று மணலையே கழித்துக்கொண்டு கிடந்தது. இன்னொன்றில் நீல உதடு கொண்ட சிப்பி ஒன்று கல்லுக்குள் பதிந்திருந்தது, என் நிழல் பட்டதும் உதட்டை மடித்து மூடிக்கொண்டது. நிழலை விலக்கினேன், மெல்லத் திறந்தது. மறுபடியும் நிழலைப் போட்டேன். நாற்பத்திரண்டு வயதில் நான் இந்த விளையாட்டைப் பத்து நிமிடம் விளையாடியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற வழிகாட்டி, தீவிலேயே பிறந்த ஒரு வங்காளி இளைஞர், போதும் சார் என்று இந்தியில் சொல்லும்வரை நிறுத்தவில்லை.

அவர் ஒவ்வொரு முறையும் கல்லுக்கடியில் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) இருக்கும் என்று சொல்லிக் காட்டுவார். பதினோர் ஆண்டுகளில் எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

கணக்கு எளிது. நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இருமுறை வற்றுகிறது. அடுத்த நாள் அதே நிலை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளி வருகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாள்களில் வற்றம் மிக ஆழமாக இருக்கும், அட்டமி நவமியில் அரைகுறையாக இருக்கும். ஆகையால் தம்பி முதலில் நாள்காட்டியையும் போர்ட் பிளேர் ஓத அட்டவணையையும் பார்த்துவிட்டு, அதன்பிறகே விமான டிக்கெட்டைப் பார்க்க வேண்டும். நாம் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம், இதற்குப் பார்த்தால் குறைந்தா போய்விடுவோம்?

ஒன்று மட்டும் கண்டிப்பு. குழிகளுக்குள் கால் வைக்கக் கூடாது, எதையும் எடுக்கவும் கூடாது. பவளமும் கடல் அட்டையும் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கடல் அட்டையால் வரும் வழக்குகளைப் பற்றி இராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உதிர்ந்து கிடந்த பவளத்துண்டுதானே என்று பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் விமான நிலையச் சோதனையில் மாட்டிக்கொண்டு விழித்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

17 நவம்பர் 2024

காலுக்குப் பழைய கான்வாஸ் ஷூ. செருப்பு உதவாது.

18 நவம்பர் 2024

ஜாலி பாய் தீவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983இல் அறிவிக்கப்பட்டது, பதினைந்து தீவுகள் கொண்டது. அதில் மக்களுக்குத் திறப்பது ஜாலி பாயும் ரெட் ஸ்கின்னும்தான், அதுவும் பருவத்துக்கொன்றாக மாற்றி மாற்றி. ஒன்றைத் திறந்து மற்றொன்றுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. தை மாதத்தில் ஜாலி பாய். திங்கட்கிழமை புறப்படுவது நல்லது, கூட்டம் குறைவாக இருக்கும்.

ஜாலி பாயில் படகுத்துறை கிடையாது. பெரிய படகிலிருந்து கண்ணாடி அடி கொண்ட சிறு படகுக்கு மாற்றிக் கரையில் இறக்குவார்கள். தண்ணீர் பாட்டில் உட்பட நெகிழி எதையும் வண்டூர் ஜெட்டியிலேயே நிறுத்திவிடுவார்கள். பையைப் பிரித்துப் பார்ப்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

18 நவம்பர் 2024, சற்று நேரம் கழித்து

திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. கூட்டம் குறைவாக இருக்கும் என்று நான் எழுதியது ஒருவகையில் உண்மைதான். வேறு நாளில் போங்கள்.

25 நவம்பர் 2024

"நீந்தலாமா, முதலை இருக்கிறது என்கிறார்களே" என்று தம்பி மனைவி கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. உவர்நீர் முதலை, தமிழில் செம்மூக்கன் என்பார்கள், அலையாத்திக் கழிகளில் வாழ்கிறது, கடலிலும் நன்றாக நீந்தும். 2010 ஏப்ரலில் ஹேவ்லாக்கின் ராதாநகர் பக்கத்தில் கடலுக்குள் நீந்திக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண் முதலையால் இறந்தார். ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று 2004இல் டைம் இதழ் பாராட்டிய அதே ராதாநகர். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் அறையில் வேறு பேச்சே இல்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பல கடற்கரைகளில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. வண்டூரில் கடலுக்குள் வலைகட்டி, அதற்குள் குளிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காவலர் நிற்கும் இடத்தில், அவர் காட்டும் எல்லைக்குள், பகல் வெளிச்சத்தில் குளிக்கலாம். கழி வந்து கடலில் சேரும் இடத்தையும், அந்தி மங்கிய நேரத்தையும், "அந்தப் பக்கம் ஆளே இல்லை, அமைதியாக இருக்கிறது" என்கிற ஓரத்தையும் தவிர்க்க வேண்டும். ஆளே இல்லாததற்குக் காரணம் இருக்கும்.

பாறை இடுக்கில் கறுப்பும் வெள்ளியுமாக வளையம் போட்ட கடல்பாம்பு சுருண்டு கிடந்தால் அலறாதீர்கள். கடலில் வேட்டையாடிவிட்டு இளைப்பாற அது கரைக்கு வருகிறது. கடும் நஞ்சுடையது, ஆனாலும் சாது. நாம் விலகி நின்றால் அது நம்மைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அங்கே உண்மையில் தொல்லை கொடுத்தது மணல் ஈ. ஹேவ்லாக்கில் ஒரு மாலை ஈர மணலில் அரைமணி நேரம் உட்கார்ந்ததற்குப் பத்து நாள்கள் சொறிந்தேன். மணலில் உட்காராமல் கட்டையில் உட்காருங்கள்.

3 டிசம்பர் 2024

பாராடாங் போகலாமா என்ற கேள்விக்கு மூன்று நாள்களாக விடை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

பாராடாங்கில் பார்க்க வேண்டியது இருக்கிறது. விசைப்படகு அகன்ற கழியிலிருந்து திரும்பி அலையாத்திக்குள் நுழையும்போது, பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சிபோலத் தொடங்கி, பிறகு வேர்கள் தலைக்கு மேல் வளைந்து கூரை போட்டுவிடும். இறங்கி நடந்தால் சுண்ணாம்புக் குகை; மறுபக்கம் குமிழியிடும் சேற்று எரிமலை. இவற்றில் எதற்கும் குறை சொல்ல மாட்டேன்.

போகும் வழிதான் உறுத்துகிறது. ஜிர்க்காடாங்கிலிருந்து நடு நீரிணைவரை சாலை அந்தமானின் பழங்குடிகளான ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்கு நடுவே போகிறது. வண்டிகளை வரிசையாக, காவலோடு அனுப்புவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. அந்தப் பகுதிச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. சாலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் அவ்வழியே போவதற்குச் சில வாரங்கள் இடைக்காலத் தடை இருந்து, பின்பு நீங்கியது.

நான் ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளோடு போனேன். சாலையோரம் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். எங்கள் பேருந்தில் அத்தனை பேரும் இடப்பக்க ஜன்னலுக்குத் தாவினோம். அத்தனை பேரும் என்றால் நானும்தான். அந்தச் சிறுவன் எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வையைவிட, பேருந்து ஒருபக்கம் சாய்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பயணத் திட்டத்தில் "காட்டுயிர் உலா" என்ற தலைப்பின்கீழ்தான் அந்தச் சாலை அச்சிடப்பட்டிருந்தது. உங்கள் திட்டத்தில் எந்தத் தலைப்பின்கீழ் இருந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

போகாதீர்கள் என்று தடுக்க எனக்கு உரிமை இல்லை. நான் மறுபடி போகவில்லை.

26 டிசம்பர் 2024

நிலநடுக்கமும் சுனாமியும் வந்து இன்றோடு இருபது ஆண்டுகள். அதற்குப் பின்னர்தான் நான் அங்கே வேலைக்குப் போனேன். ஆனால் வண்டூருக்குப் போகும் வழியில் சிப்பிகாட் என்ற இடத்தை ஒவ்வொரு முறையும் கடக்கும்போது அது தெரியும். நெல் விளைந்த வயல்கள், நிலம் தாழ்ந்ததால் கடல்நீர் புகுந்து ஏரிபோல நின்றுவிட்டன. வரப்பு இருந்த இடத்தில் கொக்குகள் நிற்கும். தெற்கு அந்தமான் தாழ்ந்தது. வடக்கே நிலம் உயர்ந்து, நீருக்கடியில் இருந்த பவளத்திட்டுகள் வெயிலுக்கு வந்து செத்தன.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. வண்டூரிலும் எலிஃபன்ட் பீச்சிலும் வெளுத்த பெருமரங்கள் கடலோரம் சாய்ந்து கிடப்பதைப் படம் பிடிக்க அழகான இடம் என்று எல்லோரும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவற்றின் வேரைக் கடல் பறித்தது என்று யாரும் சொல்வதில்லை. பவளத்தையும் அப்படியே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 2010 கோடையில் கடல் சூடேறியதால் அங்கே பவளம் பேரளவில் வெளுத்தது; ஆகவே ஸ்நார்கெலிங் முடித்துவிட்டு "விளம்பரத்தில் இருந்த நிறம் இல்லையே" என்று படகுக்காரரிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை. அவர் நிறத்தைக் கழுவிவிடவில்லை.

11 ஜனவரி 2025

தம்பி ஜனவரி 27 முதல் பிப்ரவரி 2 வரை போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தை அமாவாசை 29ஆம் தேதி. அவராகவே நாள் பார்த்தாரா, தற்செயலா? எப்படியானாலும் வாய்த்தது. நீலில் ஆழ்ந்த வற்றம் கிடைக்கும். ஹேவ்லாக்கில் நிலவில்லாத இரவில் கயாக்கில் அலையாத்திப் பக்கம் போனால் துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக ஒளிரும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை ஒளிர்ந்தபோது நகரமே திரண்டு போனதல்லவா, அதைப்போன்ற நுண்ணுயிர்களின் வேலைதான். கைபேசிப் படத்தில் வராது, முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆமை பார்க்க வேண்டும் என்று பெண்பிள்ளை ஆசைப்படுகிறாள் என்றீர்கள். அதற்கு வடக்கே திக்லிபூர் பக்கத்துக் காலிபூர் கடற்கரை. நம் மீனவர்கள் சொல்கிற பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, தோணியாமை ஆகிய நான்குமே அங்கே முட்டையிட வருவதுண்டு. வனத்துறை முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்துப் பொரிக்கவைக்கிறது. தோணியாமையின் பயணத்தை நினைத்தால் தலை சுற்றும்: சிறிய அந்தமானில் கருவி பொருத்திவிட்ட ஆமைகளில் சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கமும் சில ஆப்பிரிக்கப் பக்கமும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அங்கிருந்து படகேறினால் ராஸ், ஸ்மித் இரட்டைத் தீவுகள். இரண்டையும் இணைக்கும் மணல்திட்டு நீர் வற்றும்போது நடைபாதை, ஏறும்போது கடல். இந்த ராஸ் வேறு, உங்கள் பிஸ்கட் மான் ராஸ் வேறு.

ஆனால் திக்லிபூருக்குத் தரைவழி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்; அது பாராடாங் வழியாகத்தான், அதாவது அதே ஜாரவாக் காடு வழியாகத்தான் போகிறது. டிசம்பர் 3இல் அவ்வளவு பேசிய நான் ஆமைக்காக இந்த வழியைச் சொன்னால் நன்றாக இராது. நானே இரண்டு முறை திக்லிபூர் போனது கப்பலில்; இரவெல்லாம் ஆட்டம், காலையில் வயிற்றில் ஒன்றும் நிற்கவில்லை. ஏழு நாள்களில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தக் கப்பலேறச் சொல்லவும் மனம் வரவில்லை. இம்முறை ஆமையை விட்டுவிட்டு, நீலில் ஓர் இரவுக்குப் பதில் இரண்டு இரவு தங்கட்டும்.

கடற்பசுவை எதிர்பார்க்கச் சொல்லாதீர்கள். அந்தமானின் மாநில விலங்கு அதுதான். நம் பாக் நீரிணைக்காரர்கள் ஆவுளியா என்பார்கள், 2022இல் தமிழ்நாடு அதற்கென்றே கடலில் ஒரு காப்பகம் அறிவித்தது. நான் அங்கும் பார்த்ததில்லை, இங்கும் பார்த்ததில்லை.

12 ஜனவரி 2025

விடுபட்டது: பிள்ளையை ஒரே குழியின் முன்னால் கால்மணி நேரம் உட்காரவையுங்கள். அடுத்த குழி, அடுத்த குழி என்று தாவினால் எதுவும் தென்படாது. எனக்கு இந்தப் பொறுமை வந்ததில்லை.

8 பிப்ரவரி 2025

நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்குப் போகும் படகு காற்றால் ஒருநாள் நின்றுபோனது, முன்பதிவு செய்த இடத்தில் பணம் திரும்பவில்லை, கயாக் போகவே முடியவில்லை. வருத்தம்தான். படகு நிற்பது அங்கே வழக்கம். இரண்டு நாள் இடைவெளி வைத்தே ஊர் திரும்பும் விமானம் எடுக்க வேண்டும் என்று முதல் நாளே நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை, என் தவறு.

ஆனால் 31ஆம் தேதி மாலை நீலில், எல்லோரும் வளைவின்கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, உங்கள் தம்பி மகள் ஒரு குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, கல் என்று நினைத்தது நிறம் மாறி எட்டுக் காலோடு நகர்ந்து அடுத்த கல்லுக்கடியில் புகுந்ததைப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பேய்க்கணவாயேதான், ஐயமே வேண்டாம். அவளுக்கு ஒன்பது வயது என்கிறீர்கள். பதினோர் ஆண்டுகள் எனக்குக் காட்டாத கடல்! வளைவுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா, கரையிலிருந்து எத்தனை அடி, குழி எவ்வளவு ஆழம் என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். மாசி அமாவாசை இம்மாதம் 27ஐ ஒட்டி வருகிறது.